புந்துக்கும் பாரூதும்: சிறு வேட்டை பற்றிய ஒரு சட்ட வரலாறு

நம் மத்ரஸாக்களில் ‘மின்ஹாஜ்’ ஓதும் மாணவருள் சிலர், வேட்டைப் பாடத்தில் வரும் ‘புந்துகா’ என்னும் சொல்லைத் துப்பாக்கிக் குண்டு எனக் கருதிவிடுவதுண்டு. அது பொருந்தாது. அந்நூலாசிரியர் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரீ 676இல் (கி.பி. 1277) மறைந்தார்கள். வேட்டைத் துப்பாக்கி அக்காலத்தில் இல்லை. அவர்கள் குறித்தது வில்லில் வைத்து எய்யப்படும் களிமண் உருண்டையையே. அப்பாஸியக் கலீஃபா நாஸிர் (ஆட்சி 1180–1225) இவ்வுருண்டை வில்லில் பெருவிருப்பம் கொண்டிருந்தார். பிற்காலத்தில் பாரூது என்னும் வெடிமருந்து பரவியதும், குழலினின்று பாயும் ஈயக்குண்டுக்கும் அப்பெயரே நிலைத்தது. பெயர் ஒன்றாயிற்று; சட்டமும் ஒன்றுதானா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

அல்மாயிதா அத்தியாயத்தின் 3ஆம் வசனம் அடிபட்டுச் செத்த பிராணியை விலக்குகின்றது. அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் கூரிய கோலால் வேட்டையாடுவது குறித்து வினவியபோது, அது துளைத்துக் கொன்றால் உண்ணலாம், பக்கவாட்டில் மோதிக் கொன்றால் உண்ணலாகாது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியருளினார்கள். எனவே துளைத்தலா, மோதுதலா என்பதே உரைகல். மண் உருண்டை மோதியே கொல்வதால், அதனால் செத்தது ஆகாது என்பது ஷாஃபிஈ, ஹனஃபீ நூல்களின் தீர்ப்பு.

ஈயக்குண்டு வந்தபோது அறிஞர்கள் இரு வழியாகப் பிரிந்தனர். யமன் நாட்டு ஷவ்கானீ (மறைவு 1834), துப்பாக்கி தம் நாட்டிற்கு ஹிஜ்ரீ பத்தாம் நூற்றாண்டிலேயே வந்ததென்றும், குண்டு ஒருபுறம் நுழைந்து பெரும்பாலும் மறுபுறம் வெளிப்படுவதால் அவ்வேட்டை ஹலால் என்றும் எழுதினார். டமாஸ்கஸ் நகரத்து இப்னு ஆபிதீன் (மறைவு 1836), குண்டுக்குக் கூர்முனை இல்லை, அது சுட்டும் கனத்தாலுமே காயப்படுத்துகிறது, ஆகவே ஆகாது என்றார். இரண்டாண்டு இடைவெளியில் மறைந்த இரு பேரறிஞர்கள் ஒரே கருவியைக் குறித்து எதிரெதிரே தீர்ப்பளித்தனர். மாலிக்கீ அறிஞர் தர்தீர் (மறைவு 1786) போன்றோர் முன்னமேயே அனுமதிப் பக்கம் நின்றனர்.

இப்பிணக்கை விளங்கிக்கொள்ள அக்காலத் துப்பாக்கியின் இயல்பை அறிதல் வேண்டும். அது வாய்வழியே மருந்து இடப்படும் துப்பாக்கி. வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்னும் அளவிற்கு அண்மையான கலவையை முதலில் கொட்டி, அதன்மேல் குண்டையோ ரவையையோ வைத்துக் கோலால் அழுத்துவர். இடைவெளி விடின் குழல் வெடிக்கவும் கூடும். மருந்தின் அளவு சுடுவோன் கையில் இருந்தது. போர்வீரனின் பெருங்குண்டு சிறு பிராணியைச் சிதைத்துவிடும். ஆகவே அமெரிக்க எல்லைப்புற மக்கள் அணில் வேட்டைக்கென்றே சிறு குழல் துப்பாக்கி செய்தனர். ஓரங்குலத்தில் நூற்றுக்கு 32 பங்கு குறுக்களவு. ஒரு பவுண்டு ஈயத்தில் ஏறத்தாழ 150 குண்டுகள். மருந்தோ சுமார் ஒன்றேகால் கிராம். இறைச்சி கெடவில்லை, மருந்தும் ஈயமும் மிஞ்சின. ரவை சுடுவோர் மருந்தையும் ரவையையும் சம கொள்ளளவில் எடுத்து, குறைக்கும்போது இரண்டையும் ஒருங்கே குறைத்தனர். மருந்து மட்டும் மிகுந்தால் ரவை சிதறிப் பரவும்.

இங்கேதான் சட்டமும் தொழிலும் சந்திக்கின்றன. மருந்து மிகின் பிராணி சிதையும். மிகக் குறையின் தொலைவில் ரவை தோலைத் துளைக்காது. எலும்பை முறித்து வீழ்த்தும். அவ்வாறு செத்தது ஷவ்கானீ கூறிய காரணத்தின்படியும் உண்ணத் தக்கதன்று. ஏனெனில் அவர் அனுமதித்தது துப்பாக்கியை அன்று, துளைத்தலையே. இன்றேல், உயிர் நிலைத்திருக்கையில் எட்டிப் பிடித்து முறைப்படி அறுத்தல் வேண்டும். அவ்வாறு அறுத்தது ஆகும் என்பதில் இரு சாராருக்கும் பிணக்கில்லை. ஆதலின் குறைந்த மருந்து நாடுவோன், எவ்வளவு மருந்து எத்தனை அடித் தொலைவில் துளைக்கும் என்பதை முன்னரே தேர்ந்து அறிதல் கடமையாகின்றது.

அச்சோதனையை எதன்மீது செய்வது? உயிருள்ளதை இலக்காக நிறுத்தி எய்வதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். எனவே பலகையும் தாளுமே அதற்குரியவை; பறவையின் உடல் அன்று. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம் நாட்டில் வனவிலங்கு வேட்டை பெரும்பாலும் தடுக்கப்பட்டுவிட்டது. எனினும் இப்பாடம் வீணன்று. பெயரைக் கண்டு தீர்ப்புரைக்காமல், கருவி எவ்வாறு கொல்கிறது என்று ஆராய்ந்த முன்னோரின் முறையை அது நமக்குக் கற்பிக்கின்றது. புதுக் கருவிகள் நாள்தோறும் வரும் இக்காலத்திற்கு அம்முறையே வேண்டும்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.