உருகுநீரில் ஒளிச்சிதைவு
பனியாற்று உருகுநீரில் கரைந்துள்ள கரிமப் பொருளைச் சூரிய ஒளி, குறிப்பாகப் புற ஊதாக் கதிர், உடைத்து மாற்றும் வினை. ஒளியை உறிஞ்சும் வளைய அமைப்புள்ள மூலக்கூறுகள் எளிதில் சிதையும்; நீரின் நிறம் வெளிறும். ஒரு பகுதி கார்பன் டை ஆக்சைடாக வெளியேறும். இன்னொரு பகுதி சிறு கரிம அமிலங்களாகிப் பாக்டீரியாவுக்கு இரையாகும்.

அலாஸ்கா வளைகுடா வடிநிலங்களைப் பற்றி 2009இல் வெளியான ஆய்வு வியப்பானது. பனியாறு மிகுந்த வடிநிலத்தின் கரிமப் பொருள் ஏறத்தாழ 4,000 ஆண்டுப் பழையது. ஆனாலும் அதில் 66 விழுக்காடு நுண்ணுயிர்களுக்கு உணவாகக்கூடியதாக இருந்தது. பழையது எளிதில் சிதையாது என்ற எண்ணம் இங்கே பொய்த்தது. இப்பொருளில் புரதத் தன்மை மிகுதி, நிறம் குறைவு. எனவே ஒளிக்குப் பிடிபடும் பங்கு காட்டு மண்ணின் பழுப்பு நீரில் உள்ளதைவிடச் சிறியது. பனியாறு அரைத்த பாறைத்தூள் நீரைப் பால்போல் கலக்கிவிட்டால் ஒளி ஆழத்துக்கு இறங்காது.