வெள்ளைச் சர்க்கரையும் மர அச்சும்: பெங்களூர்த் தண்டுப் பகுதியில் பண்டிகை மிட்டாயின் வரலாறு

பெங்களூரில் சங்கராந்தி மாலையில் வீட்டுக்கு வீடு கைமாறும் தட்டில், எள், வெல்லம், கொப்பரை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை ஆகிய ஐந்தும் கலந்த ‘எள்ளு பெல்ல’ என்னும் கலவையும், ஒரு கரும்புத் துண்டும், கிளியாகவும் யானையாகவும் மீனாகவும் கோபுரமாகவும் வார்த்தெடுத்த வெள்ளைச் சர்க்கரை உருவங்களும் வைக்கப்பெறுகின்றன. கன்னடத்தில் ‘சக்கரெ அச்சு’ எனவும், நகரத் தமிழர் பேச்சில் ‘சக்கரை அச்சு’ எனவும் வழங்கும் இவ்வுருவங்களை எள்ளும் வெல்லமும் போலவே தொன்மையானவை என்று கொள்வது பொதுவழக்கு. எனினும் சர்க்கரைத் தொழிலின் வரலாற்றோடு இணைத்துப் பார்க்கும்போது, அத்தட்டில் இரு வேறு காலங்கள் அருகருகே அமர்ந்திருப்பது தெரியவருகிறது. வெல்லக் கலவை உழவர் வீட்டின் பழைய பண்டம். வெண்ணிற அச்சோ, நெடுங்காலம் அரண்மனைக்கு உரியதாயிருந்து, ஆலைச் சர்க்கரை மலிந்த பின்னரே நடுத்தரக் குடும்பங்களின் அடுப்பங்கரைக்குப் பரவலாக வந்திருக்கக்கூடிய பண்டம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

இதனை ஆராய நகரின் கிழக்கிலுள்ள ஜீவனஹள்ளி பொருத்தமான களமாகும். 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் நிறுவிய படைமுகாம், தமிழர் வழக்கில் ‘தண்டு’ எனப்பட்டது. படைவீரர், ஒப்பந்தக்காரர், வணிகர், வீட்டுப் பணியாளர் எனச் சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழர் அங்குப் பெருமளவில் குடியேறினர். 1881இல் மைசூர் அரசு உடையார்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டபோதும் தண்டுப் பகுதி ஆங்கிலேயர் ஆட்சியிலேயே நீடித்து, 1947இல்தான் மைசூருடன் இணைந்தது. 1898ஆம் ஆண்டுப் பிளேக் நோய்க்குப் பின் நெரிசலைக் குறைக்கும் நோக்கில் பிரேசர் டவுன் போன்ற குடியிருப்புகள் திட்டமிட்டு எழுப்பப்பட்டன; காக்ஸ் டவுனை ஒட்டிக் கிடந்த ஜீவனஹள்ளியும் காலப்போக்கில் நகரத்திற்குள் அடங்கியது. தமிழ் இந்துக்கள், தமிழ்க் கிறிஸ்தவர், ஆங்கிலோ இந்தியர், கன்னடர், இசுலாமியர் எனப் பலரும் வாழும் இவ்வட்டாரத்தில், கிறிஸ்துமஸ் தொடங்கிச் சங்கராந்தி, பொங்கல் முடிய ஏறக்குறைய மூன்று வாரங்கள் சர்க்கரைப் பாகு காய்வது ஓயாது. இரு பண்டிகைகளின் மிட்டாய்களையும் அடுத்தடுத்து வைத்துக் காணும் வாய்ப்பு நகரின் பிற பகுதிகளில் இவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை.

கரும்புச் சாற்றிலிருந்து பெறப்படும் இனிப்புகளைக் கௌடில்யரின் அர்த்தசாத்திரம் பாணிதம், குடம், மத்ஸ்யண்டிகை, கண்டம், சர்க்கரை என ஐந்தாக வகுக்கிறது. குறுக்கிய பாகு முதல் படிகமாக்கிய சர்க்கரை வரை படிப்படியாகத் தூய்மை கூடிச் செல்லும் இவ்வரிசை, தூய்மையே விலையையும் தகுதியையும் நிர்ணயித்த ஒரு பொருளாதாரத்தைக் காட்டுகிறது. கர்நாடகப் பகுதியில் சமையற்கலை பற்றிய எழுத்துச் சான்றுகளுக்குக் குறைவில்லை. 11ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சாவுண்டராயர் கன்னடத்தில் இயற்றிய லோகோபகாரமும், 12ஆம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேசுவரர் வடமொழியில் தொகுத்த மானசோல்லாசமும், 16ஆம் நூற்றாண்டைச் சார்ந்த மூன்றாம் மங்கரசரின் சூபசாத்திரமும் உணவுக்குத் தனி இடம் தருகின்றன. ஆனால் இவை அரண்மனையையும் கற்றோரையும் சார்ந்த நூல்கள் என்பதை மறந்து, அவற்றிலுள்ள பண்டங்கள் அனைத்தும் எளியோர் வீட்டிலும் இருந்தன என்று முடிவு கட்டுவது பிழையாகும்.

எளியோர் வீட்டில் இருந்தது வெல்லம். பாகை வார்த்து உருவம் பெறும் நுட்பமும் அங்கிருந்தே தொடங்குகிறது எனலாம். கரும்பாலையில் சாறு குறுகிப் பதம் வந்தபின், குழிகள் செதுக்கிய மரப்பலகையைத் தண்ணீரில் நனைத்து, அதில் பாகை ஊற்றி ஆறவிட்டு எடுப்பதே அச்சுவெல்லம். நனைந்த மரத்தில் பாகு ஒட்டாது என்னும் இந்த எளிய அறிவுதான் சர்க்கரை அச்சுக்கும் அடிப்படை. தமிழ்நாட்டில், குறிப்பாக அந்தணர் திருமணங்களில் இடம்பெறும் பருப்புத் தேங்காயும் இவ்வகையைச் சேர்ந்ததே. ‘கூடு’ எனப்படும் கூம்பு வடிவ அச்சில் வெல்லப் பாகோடு கலந்த கடலையையோ முந்திரியையோ அடைத்து இறுகச் செய்வர். ஆக, அச்சு பழையது; அதில் ஊற்றப்படும் வெண்மைதான் புதியது.

வெண்மை ஏன் அரிதாக இருந்தது என்பதற்கு உற்பத்தி முறையே விடை தருகிறது. காய்ச்சிய சாற்றில் படிகங்களைச் சூழ்ந்து நிற்கும் பழுப்புக் கழிவுப்பாகை நீக்கினால்தான் சர்க்கரை வெளுக்கும். ஆலைகளுக்கு முன், படிகக் கூழைக் கூடையிலோ பானையிலோ நிரப்பி, மேலே ஈரமான நீர்ப்பாசியையோ களிமண்ணையோ பரப்பி, அதிலிருந்து மெல்லக் கசியும் நீரால் கழிவுப்பாகைக் கீழே இறக்கினர். பல நாள் பிடித்த இவ்வேலையின் முடிவில் மேலடுக்கு மட்டுமே நன்கு வெளுத்தது. 1800ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர் நாட்டைச் சுற்றி வந்த பிரான்சிஸ் புகானன், சிக்கபள்ளாபுரத்தில் உயர்தரச் சர்க்கரையும் கற்கண்டும் செய்யப்பட்டதைப் பதிவு செய்துள்ளார். திப்பு சுல்தான் காலத்தில் ஊக்கம் பெற்ற இத்தொழிலின் நுட்பம் சிலரிடமே அடங்கியிருந்தது. அத்தகைய சர்க்கரையைக் கிலோக் கணக்கில் உருக்கிப் பக்கத்து வீடுகளுக்கு வழங்கும் நிலை சாதாரணக் குடும்பத்துக்கு இருந்திருக்க இயலாது.

சர்க்கரையில் உருவம் வார்ப்பது அதிகாரத்தின் அடையாளமாக இருந்தது பிற நாடுகளிலும் காணப்படுகிறது. 11ஆம் நூற்றாண்டில் கெய்ரோ சென்ற பாரசீகப் பயணி நாசிர் குஸ்ரோ, பாத்திமிய அரசரின் பெருநாள் விருந்தில் முழுவதும் சர்க்கரையால் ஆன ஆரஞ்சு மரத்தையும் எண்ணற்ற சர்க்கரைச் சிலைகளையும் கண்டதாக எழுதினார். அதே எகிப்தில் பின்னர் நபிகள் பிறந்தநாளுக்குச் சர்க்கரையில் மணப்பெண்ணும் குதிரைவீரனும் செய்து குழந்தைகளுக்குக் கொடுப்பது கடைத்தெரு வழக்கமாயிற்று. மெக்சிகோவில் இறந்தோர் நாளுக்குரிய சர்க்கரை மண்டையோடுகளும் அச்சில் வார்ப்பவையே. இந்தியாவுக்குள் ஆந்திரத்தின் ‘பஞ்சதார சிலுகலு’ எனும் சர்க்கரைக் கிளிகள், மகாராஷ்டிரத்தில் குடி பாட்வாவுக்குக் கட்டும் சர்க்கரை மாலைகள், வடநாட்டுத் தீபாவளியின் சர்க்கரை பொம்மைகள் ஆகியன ஒரே குடும்பம். ஆயினும் இவற்றுள் பெரும்பாலானவை கடையில் வாங்கப்படுபவை. பெங்களூர் அச்சோ பெண்கள் வீட்டிலேயே காய்ச்சி வார்த்ததால் பெயர் பெற்றது. அந்த வேறுபாட்டைத் தோற்றுவித்ததில் மைசூர் அரசின் தொழில் வரலாற்றுக்கும் பங்கு உண்டு.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியச் சந்தையில் ஜாவாச் சர்க்கரை கொடிகட்டிப் பறந்தது. உள்நாட்டு ஆலைகளைக் காக்க 1932இல் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட, அடுத்த சில ஆண்டுகளில் ஆலைகள் பெருகின. அதே காலத்தில் கிருஷ்ணராஜசாகர் அணையின் நீர், இர்வின் கால்வாய் (இன்றைய விசுவேசுவரையா கால்வாய்) வழியே மண்டியாவின் வறண்ட நிலங்களுக்குப் பாய்ந்தது. மிர்சா இஸ்மாயில் திவானாக இருந்தபோது, வேளாண்துறையின் லெஸ்லி கோல்மன் முன்னின்ற முயற்சியால் 1933இல் மண்டியாவில் மைசூர் சர்க்கரைக் கம்பெனி தொடங்கப்பெற்றது. பெங்களூர்–மைசூர் இருப்புப் பாதையிலேயே அமைந்த அவ்வாலையின் சர்க்கரை பெங்களூரை அடைவதில் தடை ஏதுமில்லை. வெல்லம் விளைந்த மண்ணிலேயே வெள்ளைச் சர்க்கரையும் விளைந்ததுதான், எள்ளு பெல்லத்தின் தட்டில் சர்க்கரை அச்சு பரவலாக இடம்பிடிக்க வழிவகுத்தது என்று கருத இடமுண்டு. இரண்டாம் உலகப் போரின்போது சர்க்கரை பங்கீட்டுக்கு உட்பட்டபோது, பழகிப்போன ஒரு பண்டத்தைச் சுருக்க வேண்டிய கட்டாயம் குடும்பங்களுக்கு நேர்ந்தது. வெல்லக் கலவைக்கு அந்த நெருக்கடி அதே அளவில் இல்லை.

அச்சு வார்க்கும் முறையை அருகில் நின்று நோக்கினால் மேற்கூறிய வரலாறு அதற்குள்ளேயே படிந்திருப்பது புலப்படும். ஒரு பங்கு சர்க்கரைக்கு ஏறக்குறைய அரைப் பங்கு தண்ணீர் சேர்த்துக் கொதிக்கவிட்டு, அதில் சில கரண்டி பால் ஊற்றுகின்றனர். பாலிலுள்ள புரதம் திரியும்போது பாகிலுள்ள தூசியையும் அழுக்கையும் பற்றிக்கொண்டு நுரையாக மேலே மிதக்கும். அதை வழித்தெறிந்து, பாகை வெள்ளைத் துணியில் வடிகட்டுவர். கந்தகமும் சுண்ணாம்பும் கொண்டு ஆலையிலேயே வெளுக்கப்பட்டு வரும் இன்றைய சர்க்கரையில் நீக்குவதற்கு மிகுதியாக ஒன்றுமில்லை. ஆயினும் பால் ஊற்றும் வழக்கம் நின்றபாடில்லை. அழுக்குச் சர்க்கரையின் காலத்துச் செய்முறை தூய சர்க்கரையின் காலத்திலும் சடங்குபோல் தொடர்கிறது. வடித்த பாகில் ஒரு சிறு பகுதியை மட்டும் சின்ன வாணலியில் எடுத்து மீண்டும் காய்ச்சுவதே கைத்திறனுக்குச் சோதனையான கட்டம். ஏறத்தாழ 115 பாகை செல்சியசில், சர்க்கரை நூற்றுக்கு 85 பங்கு அளவில் செறிந்து நிற்கும் வேளையில், கரண்டியால் தொடர்ந்து கலக்கினால் ஓரங்கள் வெளுக்கத் தொடங்கும். அடுக்களைப் பேச்சில் இதுவே ‘பாகு பூத்தல்’. அந்த நொடியில் அச்சில் ஊற்றிவிட வேண்டும். சற்று முந்தினால் உருவம் இறுகாது, சற்றுப் பிந்தினால் பாகு வாணலியிலேயே பாறையாகிவிடும்.

அறிவியல் நோக்கில் இது படிகங்களின் அளவைக் கட்டுப்படுத்தும் வேலையே. செறிந்த பாகை அசைக்காமல் நூல் தொங்கவிட்டு நாள்கணக்கில் ஆறவிட்டால் பெரும் படிகங்கள் வளர்ந்து ஒளி ஊடுருவும் கற்கண்டு கிடைக்கும். கலக்கினால் எண்ணற்ற நுண்படிகங்கள் ஒரே வேளையில் தோன்றி ஒளியைச் சிதறடிப்பதால் பால்வெண்மை கிடைக்கும். அச்சுகளை முன்கூட்டியே தண்ணீரில் ஊறப்போட்டு, இரு பாதிகளையும் பொருத்தி நூலாலோ ரப்பர் வளையத்தாலோ இறுகக் கட்டி, ஈரத்துணி மேல் நிறுத்திப் பாகை ஊற்றுவர். சில நிமிடங்களில் கட்டை அவிழ்த்தால் யானையின் தும்பிக்கையும் கிளியின் அலகும் முறியாமல் வந்தாலே வேலை தேறியதாகப் பொருள்.

இதே பாகு மூன்று வாரங்களுக்கு முன்பு, கிறிஸ்துமஸ் காலத்தில், வேறு வழிகளில் பயன்பட்டிருக்கும். மைதா மாவில் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பிசைந்து, முள்கரண்டியின் முதுகிலோ புதுச் சீப்பிலோ அழுத்திச் சங்குபோல் சுருட்டிப் பொரித்தெடுக்கும் கல்கல், இறுதியில் சர்க்கரைப் பாகில் புரட்டப்பட்டு, பாகு பூத்து வெண்பூச்சாகப் படிந்த பின்னரே முழுமை பெறுகிறது. கோவா, மங்களூர்க் கத்தோலிக்கரின் ‘குஸ்வார்’ எனும் கிறிஸ்துமஸ் பலகாரத் தொகுதியிலும் உள்ள இப்பண்டம் போர்த்துகீசியத் தொடர்பால் வந்தது என்பது பொதுவான கருத்து. ஐரோப்பாவில் பாதாம்பருப்பால் செய்யப்படும் மார்சிபான், இங்கு முந்திரி விழுதும் சர்க்கரையும் பன்னீரும் கொண்டு பிசையப்பட்டு அச்சில் பழ உருவம் பெறுகிறது. அந்த முந்திரியும் போர்த்துகீசியர் கொணர்ந்த மரத்தின் விளைச்சலே. கொய்யாச் சீஸ் எனப்படும் மிட்டாய்க்கோ படிகம் பகை. கொய்யா விழுதைச் சர்க்கரையோடு கிளறி, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும் பதத்தில் எலுமிச்சைச் சாறு சேர்ப்பர். பழத்திலுள்ள பெக்டின் அதனை இறுக்க, அமிலம் சர்க்கரையின் ஒரு பகுதியைக் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிரித்து, பூத்துப்போகாமல் காக்கிறது. எலுமிச்சை மிகுந்தால் சக்கரை அச்சு இறுகாமல் போவதும் இதனாலேயே. ஒரே தெருவில் ஒரு வீட்டார் வரவழைக்கப் பாடுபடும் படிகத்தை இன்னொரு வீட்டார் தடுக்கப் பாடுபடுகின்றனர்.

வீட்டு அடுக்களையிலிருந்து கடைக்கு நகர்ந்ததில் இவ்விரு மரபுகளும் ஒரே வேகத்தில் செல்லவில்லை. தண்டுப் பகுதியில் பேக்கரிகள் முன்பே வேரூன்றியதால், கிறிஸ்துமஸ் கேக் பெரும்பாலும் கடைக்குப் போயிற்று. 1936இல் பிரிகேட் சாலையில் நீல்கிரீஸ் கடை தொடங்கியதும், 1970களின் நடுப்பகுதியிலிருந்து ஆண்டுதோறும் சர்க்கரைச் சிற்பங்களோடு கேக் கண்காட்சி நடப்பதும் அதன் விரிவு. ஆனால் கல்கல் சுருட்ட வீட்டார் எல்லோரும் உட்கார வேண்டியிருப்பதாலோ என்னவோ, அது இன்றும் வீடுகளிலும், வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்துச் செய்யும் பெண்களிடமுமே தங்கியுள்ளது. சக்கரை அச்சில் நேர்ந்தது மறுதலை. ஜனவரி பிறந்ததும் காந்தி பஜார், மல்லேசுவரம் முதலிய கடைவீதிகளில் எடைபோட்டு விற்கும் ஆயத்த அச்சுகளும், நறுக்கிக் கலந்த எள்ளு பெல்லப் பொட்டலங்களும் குவிகின்றன. கொப்பரையின் கரிய தோலைச் சுரண்டி, வெல்லத்தைத் துண்டாக்கி, வெயிலில் காயவைத்து வாரக்கணக்கில் செய்த வேலை ஒரு பொட்டலத்துக்குள் அடங்கிவிட்டது. வீட்டில் வார்ப்போரும் மரத்துக்குப் பதில் சிலிக்கோன் அச்சுகளை வாங்குகின்றனர். அவற்றை ஊறவைக்கவோ கட்டவோ தேவையில்லை. நெளித்தாலே உருவம் கழன்றுவிடும். ஆனால் இரு பாதிகள் பொருந்தும் மர அச்சு முன்னும் பின்னும் உருண்டு திரண்ட உருவத்தைத் தந்தது. ஒரு முகம் மட்டும் குழிந்த சிலிக்கோன் அச்சில் யானை தட்டில் நிற்காது, படுத்தே கிடக்கும். உடைந்த உருவங்களை மீண்டும் உருக்கி வார்ப்பதற்கும் எல்லை உண்டு: ஒவ்வொரு முறை காயும்போதும் சர்க்கரை சிறிது பிரிந்து மஞ்சள் ஏறி, இறுகும் தன்மையை இழப்பதால், அத்தகைய துண்டுகள் பண்டிகை கழிந்த பின் காப்பிக்கும் பாயசத்துக்குமே செலவாகின்றன.