ஆய்வுக்குப் பணம் உண்டு, முன்மொழிவை வாசித்துத் திருத்தத்தான் ஆளில்லை

கடந்த வருடம் நோன்பு காலத்தில் ஒருநாள், அஸர் தொழுகைக்குப் பிறகு எனது பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். சாதாரண தரத்தில் என்னிடம் விஞ்ஞானம் படித்தவர். இப்போது பல்கலைக்கழகமொன்றில் தகுதிகாண் விரிவுரையாளர். ஆய்வு மானியத்துக்கு அவர் அனுப்பிய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, "நம்மட ஆக்களுக்கு அவங்க தர மாட்டாங்க ஸேர்" என்றார்.

இந்த நாட்டில் பாரபட்சமே இல்லை என்று சொல்பவன் நானல்ல. ஆனால் கடிதத்தோடு இணைக்கப்பட்டிருந்த மதிப்பீட்டாளர்களின் குறிப்புகளையும் அவருடைய முன்மொழிவையும் அன்றிரவு தராவீஹ் முடிந்து வந்து வாசித்தேன். அந்த விண்ணப்பத்தை நிராகரிக்கப் பாரபட்சம் தேவைப்பட்டிருக்காது.

அவருடைய தலைப்பு மிக நல்ல தலைப்பு. கிழக்குக் கரையோரத்தில் எமது ஊர்கள் பல கடலுக்கும் களப்புக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய மணற்றரையில்தான் இருக்கின்றன. குடியிருப்பு நெருக்கம் அதிகம். ஐந்து, ஆறு பேர்ச் காணிக்குள் கிணறும் இருக்கிறது, மலசலகூடக் குழியும் இருக்கிறது. அந்தக் கிணற்று நீரில் உவர்த்தன்மையும் நைத்திரேற்றும் மழைக்காலத்தில் எப்படி, வரட்சியில் எப்படி என்று அறிவது எமது பிள்ளைகளின் ஆரோக்கியத்தோடு நேரடியாகத் தொடர்புடைய விடயம்.

ஆனால் முதல் பக்கத்திலேயே, "கிழக்குக் கரையோர நிலத்தடி நீர் பற்றி இதுவரை எவரும் ஆராயவில்லை" என்று எழுதியிருந்தார். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்கின் கிணறுகளில் உப்பு நீர் புகுந்ததையும், அது எவ்வாறு மெல்ல மெல்லக் கழுவப்பட்டது என்பதையும் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகம் ஆராய்ந்திருக்கிறது. அந்நிறுவகத்தின் தலைமையகம் வேறெங்குமில்லை, பத்தரமுல்லையில்தான். மதிப்பீட்டாளர் அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டார். "எவரும் ஆராயவில்லை" என்பது எமது பட்டதாரிகளின் முன்மொழிவுகளில் வழக்கமாக வரும் வசனம். பெரும்பாலும் அதன் உண்மையான பொருள் "நான் தேடிப் பார்க்கவில்லை" என்பதே. அதற்குப் பதிலாக, "சுனாமிக்குப் பின்னரான ஆய்வு உப்பு நீரைப் பார்த்தது, இருபது வருடங்களுக்குப் பிறகு சனநெருக்கத்தால் ஏற்பட்டுள்ள மாசு பற்றி அது பேசவில்லை" என்று எழுதியிருந்தால் அதே பலவீனம் பலமாகியிருக்கும்.

நான் ஆய்வாளன் அல்ல. ஆசிரியர் கலாசாலையில் இருந்தபோது ஒரு செயல்நிலை ஆய்வு செய்தேன், அவ்வளவுதான். "மாணவரின் கணித அடைவை மேம்படுத்தல்" என்று பெரிதாகத் தலைப்பிட்டுக் கொண்டுபோனபோது எமது விரிவுரையாளர் கேட்டது ஒரு கேள்விதான். எந்த வகுப்பில், எந்தப் பாட அலகில், எந்தப் படியில் பிள்ளை தடுமாறுகிறது? பதில் சொல்ல எனக்கு இரண்டு வாரம் எடுத்தது. பதில் கிடைத்ததும் ஆய்வின் பாதி முடிந்திருந்தது. அதே கேள்வியைத்தான் என் மாணவரிடமும் கேட்டேன். எந்த ஊர், எத்தனை கிணறு, எத்தனை மாதம், என்ன அளக்கப் போகிறீர்கள்? அவரிடம் பதினொரு நோக்கங்கள் இருந்தன. நான்கு அமர்வுகளில் மூன்றாகக் குறைத்தோம்.

இனி, பணம் எங்கே இருக்கிறது? இலங்கை ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 வீதம் மட்டுமே. மிகச் சொற்பம்தான், ஆனாலும் வாயில்கள் இருக்கின்றன. இளம் விரிவுரையாளர் முதலில் தட்ட வேண்டியது சொந்தப் பல்கலைக்கழகத்தின் உள்ளக ஆய்வு நிதியை. தொகை சிறிது, போட்டியும் குறைவு. அடுத்தது தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிப் பேரவை ஆகிய இரண்டும் வழங்கும் போட்டி மானியங்கள். கலை, சமூக விஞ்ஞானத் துறையினருக்கு, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அமைத்த மனிதப்பண்பியல், சமூக விஞ்ஞான உயர்கற்கைகளுக்கான தேசிய நிலையம் இருக்கிறது. முதுதத்துவமாணி, கலாநிதிப் பட்ட ஆய்வுகளுக்கு உதவும் இடம் அது. இவற்றுக்கு வெளியே, திட்டங்களாக வந்து போகும் நிதியும் உண்டு. உலக வங்கியின் 100 மில்லியன் டொலர் கடனில் 2017 இல் தொடங்கிய உயர்கல்வித் திட்டம் அப்படியானது. அறிவித்தல் வந்த பிறகு எழுதத் தொடங்குபவருக்கு இத்தகைய நிதியில் பங்கு கிடைப்பது கடினம். ஏற்கனவே வரைவு கைவசம் வைத்திருப்பவரே முந்திக்கொள்வார்.

வெளிநாட்டு நிதியில் எமக்கு மிக நெருக்கமான ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரித்தானிய நூலகம் 2004 முதல் நடத்தும் 'அழிவுறும் ஆவணங்கள்' நிகழ்ச்சித்திட்டம். இலங்கை மலாய் மக்களின் வீடுகளிலிருந்த கையெழுத்துப் பிரதிகள் இதன் கீழ் இலக்கமயப்படுத்தப்பட்டிருக்கின்றன. மூலப் பிரதி நாட்டை விட்டு வெளியேறாது, படமெடுத்த பிரதியே பகிரப்படும். முதலில் சுருக்கமான விண்ணப்பம், அது தேறினால் மட்டுமே விரிவான விண்ணப்பம். எங்கள் வாப்பும்மாமாரின் பெட்டகங்களில் அரபுத் தமிழ்க் கிதாபுகளைக் கறையான் தின்றுகொண்டிருக்கிறது. தமிழ்த்துறையிலும் அரபுத்துறையிலும் இருக்கும் எமது விரிவுரையாளர்கள் இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம்.

அதிகமானோர் வழுக்கி விழும் இடம் பாதீடு. என் மாணவர் "போக்குவரத்து: 200,000 ரூபா" என்று ஒரே வரியில் எழுதியிருந்தார். எத்தனை பயணம், எத்தனை கிலோமீற்றர், முச்சக்கர வண்டியா வேனா? கணக்கில்லை. உபகரணத்துக்கு விலைக்கூற்று இணைக்கப்படவில்லை. 2022 இன் ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ஐத் தொட்டபோது, பாதீட்டை இறுக்கமாகப் போட்டவர்கள் இரசாயனப் பொருள் வாங்க முடியாமல் ஆய்வையே நிறுத்தினார்கள். இறக்குமதிப் பொருள் இருந்தால் அதன் விலை ஏற்றத்துக்கு நிதி வழங்குநரின் விதிகள் என்ன சொல்கின்றன என்று முதலே பார்த்துக்கொள்ள வேண்டும். சில இடங்களில் உபகரணத்துக்கு உச்சவரம்பு உண்டு, சில இடங்களில் உதவியாளர் சம்பளம் அனுமதிக்கப்படாது. மனிதர்களிடம் தகவல் பெறும் ஆய்வென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கும் காலம் ஒதுக்க வேண்டும். இவையெல்லாம் அறிவித்தலிலேயே எழுதப்பட்டிருக்கும். விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதற்கு முன் அறிவித்தலை மூன்று தடவை வாசியுங்கள் என்று அவரிடம் சொன்னேன். பரீட்சை வினாத்தாளுக்கு நான் சொல்லும் அதே புத்திமதி.

ஆங்கிலம் பற்றிக் கேட்பார்கள். ஆங்கிலப் பிழைகள் திருத்தக்கூடியவை. சிந்தனை தெளிவாக இருந்தால் ஊரிலுள்ள ஆங்கில ஆசிரியர் ஒருவரே போதும். நாங்கள் முதலில் முழுவதையும் தமிழில் பேசி, தமிழில் எழுதி, பிறகுதான் ஆங்கிலத்துக்குப் போனோம். தமிழில் விளங்காத பந்தி ஆங்கிலத்திலும் விளங்கவில்லை.

பெரிய பல்கலைக்கழகங்களில் மூத்த பேராசிரியர்கள் தம் மாணவரின் வரைவை அனுப்பும் முன் வாசித்துக் கொடுக்கிறார்கள். ஒரு ஆய்வுகூடத்தில் ஒருவர் வென்ற விண்ணப்பம் அடுத்தவருக்கு மாதிரியாகிறது. எமது பிள்ளைகளில் பலர் அந்தக் குடும்பத்துக்கு வெளியே தனியாக நின்று எழுதுகிறார்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர்களும் மானியக் குழுக்களில் இருந்தவர்களும் எமது சமூகத்திலும் இருக்கிறார்கள். வருடத்தில் இரண்டு வரைவை வாசித்துக் கொடுத்தால் போதும் என்று அவர்களிடம் யாராவது போய்க் கேட்டோமா?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், சிலருக்குக் கசக்கலாம். கலாநிதிப் பட்டம் பெற்றவருக்குப் பொன்னாடை போர்த்தி, மண்டபம் எடுத்து, புரியாணி போட்டுப் பாராட்டு விழா நடத்துகிறோம். அந்தச் செலவில் ஒரு பகுதி போதும், முப்பது கிணறுகளின் நீரை ஆய்வுகூடத்தில் ஒரு தடவை பரிசோதிக்க. அப்படிக் கிடைக்கும் பூர்வாங்கத் தரவுதான் முன்மொழிவில் மதிப்பீட்டாளரை நிமிர்ந்து உட்கார வைக்கும். ஸகாத்தை நான் கேட்கவில்லை, அதற்குரிய எட்டுக் கூட்டத்தாரைக் குர்ஆனே சொல்லிவிட்டது. ஸதகாவுக்கு அந்த வரையறை இல்லை. பழைய மாணவர் சங்கங்களுக்கும் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் இது பெரிய தொகையும் அல்ல.

என் மாணவருக்கு அப்படி ஒரு தொகை கிடைத்தது. கொடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார், ஊரில் கடை வைத்திருக்கும் ஒருவர். அதைக் கொண்டு பன்னிரண்டு கிணறுகளில் மாதிரி எடுத்து, அந்த அட்டவணையோடு இரண்டாவது விண்ணப்பத்தை ஆறு பக்கத்தில் அனுப்பினார். நான்கு மாதமாகிறது, இன்னும் பதில் வரவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை சுபஹுக்குப் பிறகு அவரும் இரண்டு மாணவர்களும் போத்தல்களோடு அந்தப் பன்னிரண்டு வீடுகளுக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.