எள்ளலும் தீர்ப்புரிமையும்: சாக்கியார் கூத்து, துள்ளல் மரபுகளை முன்வைத்து

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை தோன்றும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைச் சுட்டுகிறது. இவற்றுள் எள்ளலைப் பேராசிரியர் இருவகைப்படுத்துவர். ஒருவன் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தானும் நகுதல் மற்றொன்று. எள்ளப்பட்டவன் நகாது வெகுண்டால், அந்நகை வரம்பு கடந்தது என்று தீர்ப்புக் கூறும் உரிமை யாருக்கு உரியது? இவ்வினாவிற்குக் கேரளக் கலை வரலாறு, சிறப்பாகக் குஞ்சன் நம்பியாரின் வாழ்வு, தரும் விடைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூத்தம்பலமும் எள்ளல் உரிமையும்

சேர நாட்டுச் சாக்கையர் கூத்து தொன்மை வாய்ந்தது. சேரன் செங்குட்டுவன் முன் பறையூர்க் கூத்தச் சாக்கையன் கொட்டிச்சேதம் ஆடிய செய்தியைச் சிலப்பதிகாரம் தருகிறது. பிற்காலச் சாக்கியார் கூத்தை இம்மரபின் தொடர்ச்சியாகக் கருதுவர். கோயிற் கூத்தம்பலத்தில் வடமொழிச் செய்யுளைக் கூறி மலையாளத்தில் விரித்துரைக்கும் சாக்கியார், கதையினூடே அவையில் இருப்போரையும் சுட்டி எள்ளுவார். அரசனும் இதற்கு விலக்கல்லன். எள்ளப்பட்டவர் மறுமொழி கூறலாகாது. எவரேனும் இடைமறித்தால் சாக்கியார் தம் தலையணியைக் களைந்துவிடுவார். அக்கோயிலில் மீண்டும் கூத்து நிகழ்த்தமாட்டார் என்பது மரபு. இங்குத் தீர்ப்பளித்தது வழக்காறே. எனினும், அவ்வுரிமை குலம், இடம், தலையணி ஆகிய மூன்றாலும் வரையறுக்கப்பட்டிருந்தது.

அம்பலப்புழை வழக்கு

இவ்வரையறையை உடைத்தவர் 18ஆம் நூற்றாண்டினரான குஞ்சன் நம்பியார். அம்பலப்புழைக் கோயிலில் சாக்கியார் கூத்துக்கு மிழா முழக்கிய அவர் இடையே கண்ணயர்ந்தார் என்றும், சாக்கியார் அவரை அவைநடுவே எள்ளினார் என்றும், மறுநாள் நம்பியார் அக்கோயில் வளாகத்திலேயே துள்ளலை நிகழ்த்தி அவையோரைத் தம்பால் ஈர்த்தார் என்றும் செவிவழிச் செய்தி கூறுகிறது. சாக்கியார் முறையிடவே, செம்பகச்சேரி அரசர் கோயில் வளாகத்தில் துள்ளலுக்குத் தடை விதித்தார் என்பர்.

இதனை ஆவணச் சான்றாகக் கொள்ள இயலாது. ஆயினும், மக்கள் நினைவு இதனைப் பேணிய முறை கருதத்தக்கது. எள்ளப்பட்ட நம்பியார் அரசனிடம் முறையிடவில்லை, எள்ளலாலேயே விடையிறுத்தார். முறையிட்டவரோ எள்ளும் உரிமையைப் பரம்பரையாகப் பெற்றிருந்தவர். ஆகவே, அவ்வழக்கு எள்ளலின் தன்மை பற்றியதன்று. எள்ளும் உரிமை யாருடையது என்பது பற்றியதேயாகும்.

திருவிதாங்கூர் ஆதரவும் பேசாதோரும்

1746இல் மார்த்தாண்ட வர்மா செம்பகச்சேரியைக் கைப்பற்றியபின் நம்பியார் திருவனந்தபுரம் சென்று திருவிதாங்கூர் அரசரின் ஆதரவைப் பெற்றார். 1750இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்த அரசரின் நிழலில் எள்ளற்கலை வாழ்ந்ததற்கு அதன் அமைப்பும் ஒரு காரணமாகலாம். சாக்கியார் எதிரே இருக்கும் தனிமனிதரை எள்ளினார். நம்பியாரோ புராணக் கதைக்களத்தில் கேரளச் சமூகத்தாரை நடமாடவிட்டு, நாயர், பட்டர், கொங்கணியர் எனச் சமூக வகைகளை எள்ளினார். வகையை எள்ளும்போது, ‘என்னையே எள்ளினார்’ என்று முறையிட முன்வருவோர் அரியர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஓட்டன், சீதங்கன், பறையன் எனத் துள்ளல் மூவகைப்படும். இக்கலை படையணி முதலிய நாட்டார் ஆட்டங்களின் கூறுகளை ஏற்று வளர்ந்தது. ஆயின், பறையன் துள்ளலுக்குத் தம் பெயரைத் தந்த மக்கள், 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர்க் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளிவரும்வரை அரசுக் கோயில்களுள் நுழைய இயலவில்லை. கோயில் அவையில் அமரவே இடமில்லாதோர்க்கு அங்கு எழும் நகையைப் பற்றித் தீர்ப்புரைக்க இடம் ஏது?

மக்களாட்சிக் காலம்

அரசன் இருந்த இடத்தில் சட்டமன்றம் அமர்ந்தபின்னும் இச்சிக்கல் தீர்ந்திலது. 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் வெளியான, சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் எள்ளும் நகைச்சுவைத் துணுக்கிற்காக, அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழ்நாடு சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. எதிர்ப்பு வலுக்கவே அவர் சில நாள்களில் விடுவிக்கப்பட்டார். 1994இல் சென்னை உயர் நீதிமன்றம் அக்கைது முறையற்றது என்று தீர்ப்பளித்து, 1,000 ரூபாய் இழப்பீடு வழங்கப் பணித்தது. அம்பலப்புழையில் தீர்ப்பளித்த அரசன் வழக்கின் இருதரப்பிலும் சேராதவன். இங்கோ எள்ளப்பட்டோரே தீர்ப்பாளராயினர்.

முடிவுரை

வழக்காறு, அரசன், எள்ளப்பட்ட அவை, நீதிமன்றம் எனத் தீர்ப்பாளர் மாறி வந்துள்ளனர். எள்ளப்பட்டவருக்குத் தண்டிக்கும் அதிகாரம் இருப்பின் தீர்ப்பு அடக்குமுறையாகிறது. வாய் திறக்கவே உரிமை இல்லையெனின் நகை கொடுமையாகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியை நம்பியார் பற்றிய செவிவழிச் செய்தி காட்டுகிறது. எள்ளப்பட்டவர்க்கு அதே அவையில் மறுமொழி கூறும் இடம் கிடைத்தல் வேண்டும். அவ்விடம் கிடைத்தபோதே பேராசிரியர் கூறிய இரண்டாம் நகை பிறக்கும் எனத் துணியலாம்.