பாடசாலையும் லயமும்: மலையக ஆசிரியரின் சங்க வாழ்வு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஆசிரியர் தொழிற்சங்கங்களின் வரலாறு நம் நாட்டிற் பெரும்பாலும் சம்பளம், இடமாற்றம், பதவியுயர்வு ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. சங்கத்துக்கும் அரசுக்கும் இடையிலான வழக்காக அது அமைகின்றதேயன்றி, சங்கத்துக்கும் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும் பெற்றாருக்கும் இடையே நிலவிய உறவு அதில் இடம்பெறுவது அரிது. கண்டியைச் சூழ்ந்த தோட்டப் பகுதிகளை முன்வைத்து அவ்வுறவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டிக்குத் தெற்கே, ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் தேயிலையைப் பயிரிட்டார். தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வியில் துரைமாருக்குப் பொறுப்பை விதித்த 1907, 1920 ஆம் ஆண்டுச் சட்டங்கள் வருவதற்கு அதன்பின் நாற்பது ஆண்டுகளேனும் சென்றன. சட்டம் வந்த பின்னரும் எழுந்தவை பெரும்பாலும் ஓராசிரியர் பாடசாலைகளே. ஆசிரியரை நியமித்தவர் துரை. சம்பளம் கொடுத்ததும் தோட்டமே. லயத்தின் அருகே வாழ்ந்து, எழுத்தறியாதாரின் கடிதங்களைப் படித்துக் கொடுத்து, மனுக்களை எழுதிக் கொடுக்கக் கூடியவராக இருந்த ஆசிரியர், தொழிலாளருக்காக வாய்திறந்தால் தம் இருப்பிடத்தையும் இழக்க நேரிடும் என்ற நிலையிலேயே வைக்கப்பட்டிருந்தார்.

இதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். தோட்டம் தனியார் நிலமாதலால் அத்துமீறல் சட்டத்தைக் காட்டி வெளியாரைத் தடுக்க நிருவாகத்தால் முடிந்தது. கோ. நடேசையர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டத்துக்குள் நுழைந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. 1931 இல் அவர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த காலத்தில், அவர் துணைவியார் மீனாட்சியம்மை பாட்டுப் பாடியே மக்களைத் திரட்டினார். ஆக, சங்கத்தைக் கட்ட விழைந்தவர் தோட்டத்துக்கு வெளியே நின்றார்; உள்ளே நின்ற எழுத்தறிவாளரோ சங்கத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டார். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். அப்போராட்டம் பற்றிய விவரங்களிலே தலைவர்களையும் வழக்கறிஞர்களையும் காண்கிறோம். தோட்டத்து ஆசிரியரைக் காண்பது அரிதாகவே உள்ளது. அது அவருடைய கோழைத்தனம் என்று கொள்வது நியாயமன்று. அவரை அவ்வாறு ஆக்கியது சம்பளப் பட்டியல்.

1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. தோட்டப் பாடசாலை அதன் புறத்தே நின்றது. 1948 இன் குடியுரிமைச் சட்டம் அப்பிள்ளைகளின் பெற்றாரை நாடற்றோராக்கிற்று. 1960–61 இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலை தோட்டத்திடமே விடப்பட்டது. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தபின், இன்று வகுப்பில் அமர்ந்த பிள்ளை அடுத்த ஆண்டு இருக்குமா என்பதே ஐயமாயிற்று. வாக்கற்ற பெற்றாருக்கும் சேவை நிலையற்ற ஆசிரியருக்கும் இடையே நிலையான ஓர் அமைப்பு எவ்வாறு உருவாகியிருக்கக்கூடும்?

தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்ட பின்னர், 1970களின் பிற்பகுதியில் தொடங்கி 1980 அளவில் இப்பாடசாலைகள் பெரும்பாலும் அரசின் கைக்கு வந்தன. ஆசிரியர் அரச ஊழியரானார். துரைக்கு அஞ்சாது தேசிய ஆசிரியர் சங்கங்களில் அவர் சேரமுடிந்தது. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் மலையக இளைஞரும் யுவதிகளும் கணிசமாக ஆசிரியராயினர். கொழுந்து பறித்த தாயின் மகளே கரும்பலகை முன் நின்றாள். லயத்தையும் பாடசாலையையும் இணைப்பதற்கு இதனினும் வாய்ப்பான காலம் வேறில்லை. ஆனால், தாய் ஒரு சங்கத்துக்கும் மகள் வேறொரு சங்கத்துக்கும் சந்தா செலுத்தினர். அவ்விரு சங்கங்களும் ஒரே பாயில் அமர்ந்து பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேசும் வழக்கம் வேரூன்றவில்லை என்பதே என் கணிப்பு. அவ்வகை வேலைக்குக் கண்டியில் முன்மாதிரி இல்லாமலுமில்லை. 1972 இல் அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் தொடங்கிய சத்தியோதயம் நிறுவனம் சிங்களவரும் தமிழரும் சேர்ந்து தோட்டங்களையும் கிராமங்களையும் நாடிச் செல்லும் முறையைக் கைக்கொண்டது. அது தொழிற்சங்கமன்று; எனினும் தொழிற்சங்கம் அதனிடம் கற்கத்தக்கது உண்டு.

இந்த இடைவெளி 2021 இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஜூலை 12 முதல் ஆசிரியர், அதிபர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. நூறு நாட்களுக்கு மேல் நீடித்த போராட்டம் ஒக்டோபர் 25 இல் பாடசாலைக்குத் திரும்பியதோடு முடிந்தது. கோரிக்கை நியாயமானது. கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்தமைக்காக இலங்கை ஆசிரியர் சங்கச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் அதே ஜூலையில் கைதாகித் தனிமைப்படுத்தப்பட்டமையும் மறக்கற்பாலதன்று; இலவசக் கல்விக்காகச் சங்கம் குரல்கொடுத்ததன் விளைவு அது. ஆயினும் கைத்தொலைபேசி இல்லாத லயத்துப் பிள்ளைக்கு இணையவழி வகுப்பு முன்னரே எட்டாக்கனி. அப்பிள்ளையின் தாய்க்கு இப்போராட்டத்தை எடுத்துரைக்கச் சென்றவர் எத்தனை பேர்?

பிறநாட்டு அனுபவமொன்று ஈண்டு நினைக்கத்தக்கது. 2012 செப்டெம்பரில் சிக்காகோ ஆசிரியர் சங்கம் வேலைநிறுத்தம் செய்யுமுன், பாடசாலை மூடல்களை எதிர்த்த பெற்றாரோடு ஆண்டுக்கணக்காக உழைத்திருந்தது. 2018 இல் மேற்கு வேர்ஜீனிய ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்திற்கு முன்பே, பாடசாலை உணவை நம்பியிருந்த பிள்ளைகளுக்கு உணவுப் பொதிகளைக் கட்டிவைத்தனர். பெற்றார் அவர்களைக் கைவிடாமைக்கு அதுவும் ஒரு காரணம்.

கண்டி மாவட்டத்தின் கல்வி வலயங்கள் ஆறு. ஒவ்வொன்றிலும் சங்கக் கிளை கூடும்போது, தோட்டப் பாடசாலை ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று ஆசிரியர், தோட்டத் தலைவர் ஒருவர், பிள்ளை மடுவத்தைப் பராமரிக்கும் பெண் ஒருவர் என்றவாறு ஒரு சிறு குழுவை அமைப்பது இயலாத காரியமன்று. 2015 அளவில் மாதம் 6,000 ரூபா படியில் மலையகப் பாடசாலைகளுக்கு நியமனம் பெற்ற ஆசிரியர் உதவியாளர் மூவாயிரம் பேரளவில் இருந்தனர். அவர்களின் நிலையைப் பெற்றாருக்கு விளக்கியிருந்தால், நாட்கூலி ஆயிரம் ரூபா கேட்டு நின்ற தொழிலாளர் அதனைத் தம் வழக்காகவே கொண்டிருப்பர். முதலிற் செய்யவேண்டியது மிக எளியது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் காலை வேளையிற் கூடினால், அதற்கு வரும் கொழுந்து பறிக்கும் தாய் அன்றைய பேரை இழக்கிறாள். வராவிட்டால் பிள்ளையில் அக்கறையற்றவள் எனப் பெயர் பெறுகிறாள். கூட்டத்தை மாலையில், கொழுந்து நிறுத்து முடிந்தபின், லயத்து முற்றத்திலோ கோயில் வாசலிலோ கூட்டலாம். மடுல்கலைப் பக்கமோ புசல்லாவைப் பக்கமோ ஒரு பாடசாலையில் இதனைத் தொடங்கி, ஓராண்டு நடத்திப் பார்த்தபின் கிளைக் கூட்டத்தில் அதன் அறிக்கையை வைக்கலாம்.