நீதிபதி ராஜர் டிரெய்னர்

கோடைக்காலத்தில் வீட்டிற்கு விருந்தினர் வந்துவிட்டால், முனைக் கடைக்குச் சிறுவனை அனுப்பிச் சோடாப் புட்டி வாங்கிவரச் சொல்கிறோம். அப்புட்டி அவன் கையிலேயே வெடித்துவிட்டால் பொறுப்பாளி யார்? கடைக்காரர், "நான் செய்த புட்டியன்று" என்பார். செய்த ஆலையோ, "நாங்கள் கவனமாகத்தான் செய்தோம், எங்கள் தவறு என்றால் மெய்ப்பித்துக் காட்டுங்கள்" என்னும். ஆலைக்குள் நடந்ததைப் புட்டி வாங்கிய சிறுவன் எங்ஙனம் அறிவான்? இவ்வினாவிற்கு விடை கண்ட நீதிபதி ஒருவரின் வரலாற்றை அன்பர்கள் அறிந்துகொள்வது நலம்.

அமெரிக்க நாட்டில், நம் நாட்டைப் போலன்றி, மாநிலங்களுக்குத் தனித்தனியே உச்ச நீதிமன்றம் உண்டு. மாநிலச் சட்டத்திற்குப் பொருள் கூறுவதில் அம்மன்றத்தின் சொல்லே முடிவானது. எழுவர் அமரும் கலிபோர்னியா மாநில உச்ச நீதிமன்றத்தில் முப்பது ஆண்டளவு வீற்றிருந்தவர் ராஜர் டிரெய்னர்.

அவர் 1900ஆம் ஆண்டு, யூட்டா மாநிலத்தில் பார்க் சிட்டி என்னும் சுரங்க ஊரில் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்திலிருந்து பிழைப்பை நாடிக் குடிபெயர்ந்தவர்கள். செல்வக் குடும்பமன்று. இளைஞர் டிரெய்னர் கல்வியை நாடிக் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரப் பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கே அரசியல் துறையில் டாக்டர் பட்டம், சட்டப் பட்டம் ஆகிய இரண்டையும் பெற்றார். பின்னர் அங்கேயே சட்ட ஆசிரியராகி, வரிச் சட்டத்தில் வல்லுநர் எனப் பெயர் பெற்றார். 1940இல் மாநில ஆளுநர் கல்பர்ட் ஓல்சன் அவரை உச்ச நீதிமன்றத்திற்கு நியமித்தார். அதற்கு முன் அவர் எந்த மன்றத்திலும் நீதிபதியாக இருந்தவரல்லர்.

1944இல் எஸ்கோலா வழக்கு வந்தது. சிற்றுண்டிச் சாலைப் பணிப்பெண் ஒருவர், பெட்டியிலிருந்த குளிர்பானப் புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குளிர்ப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான்காவது புட்டி கையிலேயே வெடித்தது. உள்ளங்கையின் தசையும் நரம்பும் அறுந்தன. நிறுவனத்தின் கவனக்குறைவை நிகழ்ச்சியிலிருந்தே ஊகிக்கலாம் என்று கூறி, மன்றம் நட்ட ஈட்டை உறுதி செய்தது. டிரெய்னர் அம்முடிவை ஏற்றார், காரணத்தை ஏற்றாரில்லை. கவனக்குறைவு உண்டா இல்லையா என்னும் ஆராய்ச்சியே வேண்டாம்; குறையுள்ள பொருளைச் சந்தைக்கு அனுப்பியவரே அதனால் விளையும் தீங்கிற்குப் பொறுப்பு; அடிபட்டவர் ஒருவரை நசுக்கிவிடும் அச்செலவை, உற்பத்தியாளர் காப்பீடு செய்து வணிகச் செலவோடு சேர்த்துக்கொள்ள இயலும் என்று தனித் தீர்ப்பு எழுதினார். அக்கருத்தில் அவருடன் சேர்ந்தவர் எவருமிலர்.

1948இல் பெரஸ் வழக்கு. வெள்ளையரும் பிற இனத்தவரும் மணத்தல் ஆகாது என்ற சட்டம் கலிபோர்னியாவில் 1850 முதல் இருந்து வந்தது. மெக்சிகோ வழிவந்த பெண்ணும் கறுப்பின இளைஞரும் மண உரிமம் வேண்டினர். சட்டத்தைக் காட்டி அலுவலக எழுத்தர் மறுத்தார். விதியைக் காட்டி மனுவைத் திருப்பும் காட்சி அலுவலகத்தில் உழலும் நமக்குப் புதிதன்று. எழுத்தர் திருப்பலாம், விதியே முறையற்றது எனின் அதைச் சொல்ல நீதிபதி வேண்டும். தான் விரும்பியவரை மணப்பது மனிதனின் அடிப்படை உரிமை எனக் கூறி, டிரெய்னர் அச்சட்டம் செல்லாது என எழுதினார். நால்வர் ஒருபக்கம், மூவர் மறுபக்கமாக அத்தீர்ப்பு நின்றது.

அவருடைய பெருமைக்கு இன்னொரு சான்று, தம் பிழையைத் தாமே திருத்தியது. காவலர் சட்டத்தை மீறித் திரட்டிய சான்றையும் மன்றம் ஏற்கலாம் என 1942இல் எழுதியவர் அவரே. பின்னும் அம்முறைகேடு நிற்கவில்லை. 1955இல், வீட்டினுள் மறைவாக ஒலிவாங்கி பொருத்திய ஒரு வழக்கில், அத்தகைய சான்று இனிச் செல்லாது என்று தம் பழைய தீர்ப்பை மாற்றி எழுதினார். தாம் சொன்னதே சரி என்று சாதிப்போர் மிகுந்த உலகில் இஃது அரிய செயலன்றோ!

தனித்து எழுதிய கருத்து என்னாயிற்று? 1963இல் கிரீன்மன் வழக்கு வந்தது. மனைவி பரிசாக அளித்த தச்சுப் பொறியில் ஒருவர் மரம் கடைந்துகொண்டிருந்தபோது, மரத்துண்டு பறந்து அவர் நெற்றியைத் தாக்கியது. உரிய காலத்தில் அறிவிப்புத் தரவில்லை என்று நிறுவனம் வாதிட்டது. டிரெய்னர் அவ்வாதத்தைத் தள்ளி, குறையுள்ள பொருளின் தீங்கிற்கு அதைச் செய்தவரே பொறுப்பு எனத் தீர்ப்பளித்தார். இம்முறை மன்றம் முழுவதும் அவருடன் நின்றது. பின்னர் அமெரிக்காவின் பிற மாநிலங்களும் அந்நெறியைத் தழுவின. மண உரிமைத் தீர்ப்போ 1967இல் அந்நாட்டின் தலைமை மன்றத்தால் நாடு முழுமைக்கும் உரிய நெறியாயிற்று. 1944க்கும் 1963க்கும் இடையே பத்தொன்பது ஆண்டுகள். 1948க்கும் 1967க்கும் இடையேயும் அதே பத்தொன்பது ஆண்டுகள்.

1964இல் தலைமை நீதிபதியான டிரெய்னர், 1970இல் ஓய்வு பெற்று, 1983இல் மறைந்தார். நம் நாட்டிலும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளால் விளையும் தீங்கிற்கான பொறுப்பைத் தனி அத்தியாயமாகவே வகுத்துள்ளது.

தனியே நின்று சொல்லும் சொல் வீண் என்று நாம் பல வேளைகளில் வாய்மூடி இருந்துவிடுகிறோம். காரணத்தோடு தெளிவாக எழுதி வைத்த நேர்மையான சொல் காத்திருக்கும். காலம் அதைத் தேடி வரும். குடிபெயர்ந்தோர் மகனாகப் பிறந்து நீதியை வளர்த்த இப்பெரியவரின் வரலாற்றை நம் காலனிச் சிறுவர் சிறுமியர் அறிந்து, கற்று, தாமும் அவ்வாறு நிமிர்ந்து நிற்பார்களாக.