வழிமாறிச் சென்ற கடவுச்சொல்

நெகிரி செம்பிலானின் ரந்தாவ், சிலியாவ் வட்டாரத் தோட்டங்களை அறிந்தோர்க்குச் சீட்டின் அருமையைச் சொல்ல வேண்டுவதில்லை. 1938க்கு முன் தமிழகத்து ஊர்களில் ஆள் சேர்க்கச் சென்ற கங்காணியார் உரிமச் சீட்டோடு சென்றார். சீட்டுக் கைமாறின், பெயர் ஒருவரது, செயல் மற்றொருவரது ஆகிவிடும். இன்று அச்சீட்டின் இடத்தில் நிற்பது கடவுச்சொல். அதுவும் கைமாறிய வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

சுவீடன் நாட்டினரான டேனியல் ஸ்டென்பெர்க் 1998 மார்ச்சில் ‘கர்ல்’ என்னும் மென்பொருளை வெளியிட்டார். இணையத்திற் சென்று வேண்டியதைக் கொண்டுவரும் தூதன் அது. 2000இல் பிற மென்பொருள்களும் எடுத்தாளும் நிரலகமாயிற்று. கைப்பேசி, தொலைக்காட்சி, மோட்டார் வண்டி ஆகியவற்றுள்ளும் இன்று அது உறைகின்றது.

நாடிச் சென்ற நிலையம், “இங்கில்லை, இன்ன இடத்திற்குப் போ” எனின், பணித்தபடி தூதன் அங்கும் போவான். குற்றம் பிறந்தது இவ்விடத்தேதான். கிராணியாரிடம் காட்டத் தந்த சீட்டை, அவர் கைகாட்டிய கடைக்காரரிடமும் நீட்டியது போன்றது அது. அத்தகைய குறைகளுள் மூன்றை மட்டும் காண்போம்.

பயனர் தாமே எழுதிச் சேர்த்த அடையாளக் குறிப்பு, கைகாட்டப்பட்ட வேற்று நிலையத்திற்கும் சென்றது. 2018 ஜனவரியில் வந்த 7.58.0 பதிப்பு அதனைத் தடுத்தது. ஒரே பெயருடைய நிலையத்தின் வேறு வாயிலுக்கும் கடவுச்சொல் சென்ற குறை 2022 ஏப்ரலில் அடைக்கப்பட்டது. மூன்றாவது, 2024 டிசம்பர் 11இல் வெளிப்பட்டது. நிலையவாரியாகக் கடவுச்சொற்களை எழுதிவைக்கும் ‘நெட்ஆர்சி’ கோப்பில், இரண்டாம் நிலையத்தின் பெயர் இருந்து அதன் கடவுச்சொல் இல்லையாயின், முதல் நிலையத்தினதே அங்குக் கொடுபடலாயிற்று. அரிதாகவே நேரக்கூடியதாதலின் கடுமை குறைந்ததென மதித்து, 8.11.1 பதிப்பில் திருத்தினர். ஆயினும் அப்பிழை ஏறத்தாழ 25 ஆண்டுகள் அதனுள்ளே கிடந்தது!

மூல நிரல் யாவரும் காணத் திறந்தே இருந்தது. காணலாம் என்பது வேறு, கண்டோம் என்பது வேறு.

கடவுச்சொல் கசிந்தால், “நீ யாரிடமோ சொல்லியிருப்பாய்” என்னும் பழி எளியவர் தலையில் விழுகின்றது. இங்கோ உரியவர் வாய் திறக்கவில்லை, தூதனே கொடுத்துவிட்டான். தோட்டத்து முதியவரும் தம் சேமிப்பைக் கைப்பேசியிற் காணும் காலம் இது. ஆசிரியப் பெருமக்கள் இரண்டினை எடுத்துரைத்தல் நலம்: ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் வையற்க, புதிய பதிப்பு வந்தால் தள்ளிப் போடற்க.